சமையலறைச் சாவியையும் வாங்குங்கள்: புலம்பெயர் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

டொராண்டோ, லண்டன், சிட்னி, டாலஸ் என ஊர் எதுவானாலும் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு நிரல் கிட்டத்தட்ட ஒன்றுதான். தையில் பொங்கல் விழா, சித்திரையில் புத்தாண்டு, கோடையில் பூங்காவில் ஒரு கூடல், ஐப்பசியில் தீபாவளி, இடையில் ஒரு முத்தமிழ் விழா. வாரக் கடைசியில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி. சம்பளம் இல்லாத வேலை. கைக்காசும் போகும், வசவும் விழும். அந்தப் பள்ளிகளில் பாடம் எடுப்பவர்கள் நாங்கள். இந்தப் பாடு தெரிந்தேதான் எழுதுகிறோம். கேட்பது ஒன்று: மேடைக்குப் போகும் நேரத்தில் பாதியை அடுப்படிக்கும் பேச்சுக்கும் திருப்பிவிடுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. ஆண்டுக்கு 32 வாரம், வாரத்துக்கு 2 மணி நேரம் என்று வைத்தால் தமிழ்ப் பள்ளி நடப்பது மொத்தம் 64 மணி நேரம். பத்து வயதுப் பிள்ளை நாளுக்கு 14 மணி நேரம் விழித்திருந்தால் ஆண்டுக்கு 5,110 மணி நேரம். அதில் எங்கள் கைக்கு வருவது நூற்றுக்கு ஒன்றேகால். அந்த ஒன்றேகாலிலும் ஆண்டு விழாவுக்கு முந்தைய ஆறு வாரம் ஒத்திகைக்குப் போய்விடுகிறது. 12 மணி நேரம், அதாவது பாட நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும் அளவு. அந்த ஆறு வாரத்தில் பிள்ளை கற்றுக்கொள்வது ஒரு திரைப்பாட்டின் தாளம், நிற்க வேண்டிய இடம், உடை மாற்றும் வேகம். பாட்டில் வரும் ஒரு வரிக்குப் பொருள் கேட்டுப் பாருங்கள். ஆடுவது தவறில்லை. அந்த ஆட்டத்தைத் தமிழ்க் கணக்கில் எழுதிக்கொள்வதுதான் தவறு.

எது நிற்கும், எது கரையும் என்று ஊகிக்க வேண்டிய நிலையில் நாம் இல்லை. முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள். கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளோடு சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அந்த வழி வந்தவர்களிடம் காவடி இருக்கிறது, தீமிதி இருக்கிறது. வீட்டுப் பேச்சில் தமிழ் பெரும்பாலும் இல்லை. பிரான்சின் ரீயூனியன் தீவிலும் அதே கதை. மொரிசியஸில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை, ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து. 1998-இல் வெளியான புதிய தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியதும் எதிர்ப்பு எழுந்து, அந்தத் தாள்களையே அரசு திரும்பப் பெற்றது. ஆனால் ரூபாய்த் தாளைக் கடையில் நீட்டும்போது அங்குள்ள தமிழர் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல். சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில் தாய்மொழிப் பாடம், 1935 முதல் வெளிவரும் நாளிதழும் உண்டு. அப்படியும் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்குள்ள இந்தியர் வீடுகளில் அதிகம் புழங்கும் மொழி ஆங்கிலம்.

இதிலிருந்து எங்களுக்குப் படுவது இது: கையால் செய்கிற காரியம் தலைமுறை தாண்டுகிறது, ஏனென்றால் ஆண்டுதோறும் பெரியவர் பக்கத்தில் நின்று அதைச் செய்தாக வேண்டும். மொழிக்குச் சட்டமும் பாடப்புத்தகமும் மட்டும் போதவில்லை. அதைப் பேசாமல் முடிக்க முடியாத ஒரு வேலை வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன?

பொங்கல் விழாவையே எடுத்துக்கொள்வோம். இப்போது நடப்பது என்ன? மேடையில் தெர்மகோல் பானை, அதன் வாயில் நுரை போலப் பஞ்சு. சாப்பாட்டுக்கு உணவகத்திலிருந்து அலுமினியத் தட்டில் வந்த சர்க்கரைப் பொங்கல். பிள்ளைக்குப் பொங்கல் ஒரு பெயர்ச்சொல்லாகவே நின்றுவிடுகிறது. பொங்கு என்பது ஒரு வினை என்று கண்ணால் கண்டால்தானே தெரியும்!

உண்மையாகவே பொங்க வைக்கலாம். தடையாக இருப்பவை இரண்டு: திறந்த தீக்கு ஹாலில் அனுமதி இல்லை; புகை எச்சரிக்கைக் கருவி அலறும். அதற்குத்தான் மின்காந்த அடுப்பு, அதாவது இண்டக்‌ஷன். அதில் மண்பானை, பித்தளை, வெண்கலம், அலுமினியம் எதுவும் வேலை செய்யாது. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அந்தப் பாத்திரம் சரி. வட அமெரிக்காவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 120 வோல்ட், 15 ஆம்பியர் மின்சுற்று 1,800 வாட்டுக்கு மேல் தாங்காது. ஒரே சுவரில் இருக்கும் இரண்டு செருகுகளில் இரண்டு அடுப்பைப் போட்டால், பெரும்பாலும் இரண்டும் ஒரே சுற்றில் இருக்கும், பிரேக்கர் விழும். பால் பாதிக் கொதியில் நிற்கும். எந்தச் செருகு எந்தச் சுற்றில் இருக்கிறது என்று ஹால் பராமரிப்பாளரிடம் முந்தைய வாரமே கேட்டுவிடுங்கள். 230 வோல்ட் நாடுகளில் இந்தத் தொல்லை குறைவு.

ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பானை. 5 லிட்டர் பானைக்குப் பச்சரிசி 500 கிராம், பாசிப்பருப்பு 125 கிராம், தண்ணீர் 2 லிட்டர், பால் ஒன்றரை லிட்டர், வெல்லம் 750 கிராம். அரிசியை இருமுறை களைந்து, இரண்டாவது கழுநீரில் கொஞ்சத்தை அந்த 2 லிட்டரோடு சேர்த்துக்கொள்ளலாம். முதலில் பாலும் தண்ணீரும் மட்டும். பானை முக்கால் அளவுக்குக் கிட்டே நிறைந்திருக்க வேண்டும். பாதிப் பானைப் பால் கொதித்துக்கொண்டே இருக்கும், விளிம்பு தாண்டாது. கொதி ஏறும்போது கரண்டி உள்ளே இருந்தால் நுரை உடைந்து அடங்கிவிடும். ஆர்வக் கோளாறில் யாராவது கிளறத்தான் செய்வார்கள். கரண்டியைப் பிடுங்கி வைப்பதற்கே ஓர் ஆள் வேண்டும். வழிந்த பால் அடுப்பின் தொடுபொத்தான் மேல் பட்டால் அடுப்பு தானாக அணைந்துவிடும். ஈரத்துணியோடு இன்னொருவர் நிற்கட்டும். பொங்கிய பிறகே அரிசியும் பருப்பும்.

வெல்லத்தைத் தனியே அரை கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். அடியில் மணலும் கரும்புச் சக்கையும் தங்கும், பிள்ளைகள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விரலால் நசுக்கினால் அரிசி மசிந்த பிறகுதான் பாகை ஊற்றலாம். அவசரப்பட்டு முன்னாலேயே ஊற்றினால் அரிசி விறைத்துக்கொள்ளும், பிறகு ஒரு மணி நேரம் வைத்தாலும் குழையாது. கொதிக்கும்போது ஊற்றினால் பால் திரியவும் கூடும், சூட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். முந்திரியை நெய்யில் வறுத்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், பானையில் கொட்ட வேண்டாம். எந்த வகுப்பிலும் கொட்டைப் பருப்பு ஒவ்வாத ஒரு பிள்ளையாவது இருக்கலாம். பால் ஒவ்வாதவர்கள் யார் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். பச்சைக் கற்பூரம் போடுவதாக இருந்தால் ஒரு சிட்டிகைக்கும் குறைவு. அதை வாங்கி வரச் சொல்லும்போது ஆரத்தி காட்டும் சூடம் வேறு, அது நஞ்சு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். களைவது முதல் பரிமாறுவது வரை ஒன்றரை மணி நேரம் ஆகும்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் எத்தனை வினைச்சொற்கள் என்று எண்ணிப் பாருங்கள். களை, ஊற்று, கொதி, பொங்கு, வழி, துடை, நசுக்கு, குழை, கரை, வடிகட்டு, வறு, கிளறு, இறக்கு, பரிமாறு. வகுப்பறைப் பலகையில் எழுதினால் இவற்றுக்கு மூன்று வாரம் ஆகும்; நான்காம் வாரம் மறந்தும் போகும். இங்கே கை செய்வதும் காது கேட்பதும் ஒரே சொல்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு பானைக்கும் ஆங்கிலம் அதிகம் வராத ஒரு பெரியவர் வேண்டும். இளம் பெற்றோரை நிறுத்தினால் இரண்டு நிமிடத்தில் பேச்சு ஆங்கிலத்துக்குத் தாவிவிடும், பெற்றோரே தாவுவார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியிடம் அது நடக்காது. அமெரிக்காவுக்குப் பார்வையாளராக வரும் பெற்றோர் வழக்கமாக ஆறு மாதம் தங்குகிறார்கள். பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் கனடா தரும் சூப்பர் விசாவில் 2022 முதல் ஒருமுறை நுழைந்தால் ஐந்தாண்டு வரை தங்கலாம். இந்த மனிதர்கள் பனிக்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து தொடர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சங்கத்தின் மிகப் பெரிய செல்வம் எது என்று எங்களைக் கேட்டால் அந்த ஜன்னலோர நாற்காலிகளைத்தான் காட்டுவோம். ஒரு பட்டியல் எடுங்கள்: யார் வீட்டில் யார் வந்திருக்கிறார்கள், எந்த மாதம் திரும்புகிறார்கள், என்ன தெரியும் (கோலம், பல்லாங்குழி, தாலாட்டு, பூக்கட்டுதல், வயல் வேலை), கூட்டி வர வண்டி உண்டா. கடைசிக் கேள்வியை விட்டால் மற்றதெல்லாம் வீண். அவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பிள்ளைகளோடு வேலை செய்யும் பெரியவர்களுக்குப் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பின்னணிச் சரிபார்ப்பு விதிகள் உண்டு. உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டு, வரும் விருந்தினர் எப்போதும் ஓர் ஆசிரியர் கண்ணெதிரே இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

பெரியவரும் பிள்ளையும் சந்திக்கும்போது முதலில் இடறும் இடம் நீ, நீங்க. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல் என்பதால் பிள்ளை இயல்பாக, "தாத்தா, நீ இங்க வா" என்கிறது. சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்போடு அந்தப் பிள்ளையின் தமிழ் அடைத்துக்கொள்கிறது. மரியாதையைப் பற்றிப் பத்து வரிக் கட்டுரை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட வாங்க, போங்க, குடுங்க, சொல்லுங்க என்று இருபது சொற்களை விளையாட்டாகப் பழக்குவது ஒரே மதியத்தில் முடிகிற காரியம். எதிரே இருப்பவரின் வயதைப் பார்த்து வாயைத் திறக்கும் பழக்கம் அந்த 'ங்க'வில்தான் இருக்கிறது.

அடுத்தது உறவுச் சொல். வயதில் மூத்த பெண் எல்லாரும் 'ஆன்ட்டி' ஆகிவிட்ட இடத்தில் அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி என்ற வேறுபாடே புரியாது. இவை வெறும் பெயர்கள் இல்லை. அப்பாவின் அண்ணனும் அப்பாதான், பெரிய அப்பா. அம்மாவின் அண்ணன் மாமா. யார் பெற்றோர் வரிசை, யார் மாமன் வரிசை என்ற கணக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அண்ணனா தம்பியா என்று தெரியாமல் உடன்பிறந்தவனை அழைக்கப் பேச்சுத் தமிழில் வழியே இல்லை. நான்கு தலைமுறை, இருபது பேர் கொண்ட ஒரு வரைபடத்தைப் பிள்ளை தானே வரையட்டும். விடுபட்ட பெயர்களை ஊருக்குத் தொலைபேசியில் கேட்டு நிரப்ப வேண்டும் என்பது விதி. பெற்றோர் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதைத் தடுக்க, கேட்ட விவரத்தைப் பிள்ளையின் குரலிலேயே ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

இங்கே எங்கள் தரப்புக் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே வகுப்பில் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மதுரைப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்று அம்மம்மா என்கிறது, மற்றொன்று அம்மாச்சி. ஒன்று கதைக்கிறது, மற்றொன்று பேசுகிறது. ஒன்றுக்கு விளங்குகிறது, மற்றொன்றுக்குப் புரிகிறது. ஆசிரியர் எந்த ஊர்க்காரரோ அந்த ஊர்ச் சொல் சரி, மற்றது பிழை என்று சிவப்பு மை ஓடுகிறது. பாட்டியின் வாய்ச்சொல்லைப் பிழை என்று சொன்ன பிறகு பிள்ளை எதை வைத்து வீட்டில் பேசும்? இரண்டையும் பலகையில் அருகருகே எழுதுங்கள். எழுத்து வழக்குக்கும் இதுவே பொருந்தும். வீட்டில் "வந்துட்டாங்க" என்று கேட்கும் பிள்ளை அப்படியே சொன்னால், "வந்துவிட்டார்கள் என்று சொல்" என்று திருத்துகிறோம். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்று அதற்குத் தெரியும். முதல் இரண்டாண்டு பேச்சில் பேச்சு வழக்குக்கு மட்டுமே இடம், எழுத்து வழக்கு வாசிக்கும்போது வரட்டும் என்று பாடத்திட்டக் குழுவில் தீர்மானம் போட்டால் போதும். அப்படித் தீர்மானம் போட்டால் செந்தமிழ் அழிகிறது என்று ஒருவர் எழுந்து நிற்பார். அவர் வீட்டில் என்ன பேசுகிறார் என்று கேளுங்கள்.

எழுத்தும் அப்படியே. 247 எழுத்து அட்டையை முதல் நாளே சுவரில் மாட்டி மிரட்ட வேண்டாம். அடிப்படை வடிவம் 31. மேலே பதினோரு உயிர்க்குறிகளும் ஒரு புள்ளியும். ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் சொல்லிக்கொடுத்தால் முதல் வாரமே படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொல் வாசிக்கலாம். சிக்குவது இரண்டு இடம். எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன்னால் நிற்பதால், பிள்ளை 'க' எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னால் ஒட்டும். உகர, ஊகார வரிசை வடிவத்துக்கு வடிவம் மாறுவதால் அதைக் கடைசியில் வைக்க வேண்டும். உச்சரிப்பில், ஆங்கிலத்து 't' ஒலி நம் 'த'வும் இல்லை, 'ட'வும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கத்தி, கட்டி, பத்து, பட்டு என்று சோடி சோடியாகக் கேட்க வைத்தபின் சொல்ல வைத்தால் பிரியும். ழகரத்துக்காகப் பிள்ளைகளை வாட்ட வேண்டாம்; தமிள் வாள்க என்று மேடையில் முழங்குவோர் நம்மில் எத்தனை பேர்!

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வகுப்பு காலியாகிறது. தமிழின் தொன்மையைப் பற்றிய கட்டுரையை மூன்றாம் முறை எழுதச் சொன்னால் யார்தான் இருப்பார்கள்? அந்த வயதுக்குத் தேவை, வேலையும் அதற்கான மதிப்பும். இருமொழித் திறனுக்கான முத்திரையைப் பள்ளிச் சான்றிதழில் பதிக்கும் சட்டத்தைக் கலிஃபோர்னியா 2011-இல் கொண்டுவந்தது. பிறகு மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பள்ளி இறுதித் தேர்வுக்குத் தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம். 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் சென்னையிலிருந்து சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. உங்கள் மாவட்டக் கல்வி அலுவலகம் தமிழை ஏற்கிறதா, எந்தத் தேர்வு வழியாக என்று எழுத்தில் கேட்டு வாங்குவது பெற்றோரால் தனித்தனியாக முடியாது. சங்கத்தின் கடிதத்தாளுக்குத்தான் பதில் வரும். பிள்ளை தேர்வு எழுதுவதற்கு இரண்டாண்டு முன்னதாகவே கேட்டுவிடுங்கள். கனடாவின் ஒன்டாரியோவில் உயர்நிலைப் பள்ளிப் பட்டயத்துக்கு 40 மணி நேரச் சமூகப் பணி கட்டாயம். அதை ஆறு வயது வகுப்பில் உதவி ஆசிரியராக முடிக்கட்டும். சின்னதுகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் மறந்த தமிழ் திரும்பி வரும்.

விழுமியம் என்ற சொல்லை அழைப்பிதழில் அடிக்கடி அச்சடிக்கிறீர்கள்; அதோடு "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்பதையும். புறநானூற்றின் 192ஆம் பாடல், கணியன் பூங்குன்றனார் பாடியது, 13 அடி. நாம் அச்சடிப்பது முதல் அடியை மட்டும். கடைசி இரண்டு அடி "பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே" என்று முடிகிறது. பொன்னாடைப் படலம் 40 நிமிடம் ஓடும்போது பின்னாலிருக்கும் பதாகையில் இந்தப் பாடலின் முதலடி தொங்குகிறது.

எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவர வேண்டியதும் இல்லை. சாதியின் பெயரால் வேறுபாடு காட்டுவதைத் தடுத்து 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகராட்சி சட்டம் இயற்றியது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். அந்த ஊரில் அப்படி ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பது நாம் கொண்டுபோன சாமானைப் பற்றிய செய்தி. விழா மலர்களில் வரும் திருமண விளம்பரங்களில் சாதிப் பெயர் கூடாது என்று ஆசிரியர் குழு விதி எழுத ஒரு வரி போதும். அந்த விளம்பரங்களைப் படிக்கும் பதினேழு வயதுப் பிள்ளைகள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுக்கு எங்களிடம் பதில் இல்லை.

மேடையை மூடச் சொல்லவில்லை. நாற்பது நிகழ்ச்சியை இருபது ஆக்குங்கள், உரைக்கு ஐந்து நிமிட மணி வையுங்கள், ஒத்திகையை வகுப்பு நேரத்துக்கு வெளியே தள்ளுங்கள். மிச்சமாகும் இரண்டு மணி நேரத்துக்குத் தனியாகப் பணம் தேவையில்லை. ஹால் ஏற்கெனவே உங்கள் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான ஹால்களில் சமையலறை தனிப் பதிவு, தனிச் சாவி. கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. வரும் தைக்கு ஹால் பதிவுப் படிவம் உங்கள் கைக்கு வந்ததும் சமையலறைக்கான கட்டத்திலும் டிக் போட்டுவிடுங்கள். பானையும் காந்தமும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்